இரவல் கேமரா: முதல் ஒரு மணி நேரம்

விமர்சனம் எழுத நிறுவனம் இரவலாக அனுப்பும் கேமரா கைக்கு வந்ததுமே படமெடுக்கக் கிளம்பலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். வேண்டாம், அதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பெட்டி பல கைகள் மாறி வந்திருக்கலாம். பிரிக்கும்போதே சீரியல் எண், கீறல்கள், பாடி கேப் (லென்ஸ் மாட்டும் வாயை மூடும் மூடி), லென்ஸ் ஹுட் (லென்ஸ் முனையில் மாட்டும் ஒளி மறைப்பு), சார்ஜர் எல்லாவற்றையும் படமெடுத்து, குறை இருந்தால் அன்றைக்கே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். பின்னால் சேதக் கணக்கு வந்தால் அதுதான் ஆதாரம்.

லென்ஸைச் சோதிக்காமல் தீர்ப்பு எழுதுவதுதான் பெரிய தவறு. முக்காலியில் பொருத்தி, செங்கல் சுவருக்கு நேர் இணையாக நிறுத்தி, முழு அபெர்ச்சரில், அதாவது லென்ஸின் ஒளித்துளையை முழுதாகத் திறந்து, எடுத்துப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால், கேமரா சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி எடுங்கள். அதே மூலை திரும்பவும் மங்கினால், வழியில் அடிபட்டு லென்ஸின் உள்ளே ஒரு கண்ணாடி வில்லை விலகியிருக்கலாம். அதை வைத்து அந்த மாடலையே குறை சொல்வது நியாயமில்லை, வேறொன்று கேளுங்கள். சென்சாரில், அதாவது படம் பதியும் தகட்டில், தூசி இருக்கிறதா என்று பார்க்க, ஒளித்துளையை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி வெறும் வானத்தை எடுத்தால் போதும்.

ஃபர்ம்வேர் (கேமராவை இயக்கும் உள் மென்பொருள்) எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு முந்தைய மாதிரி என்றால் ஆட்டோஃபோகஸ் வேகம்கூடப் பின்னால் மாறலாம். இதையும், கேமரா இரவல் என்பதையும் வாசகருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

திருப்பும் முன் மெமரி கார்டை எடுங்கள், வைஃபை விவரங்களை அழித்துவிடுங்கள். படங்களோடு தானாகப் பதிவாக நீங்கள் கேமராவில் இட்ட பதிப்புரிமைப் பெயர் சில மாடல்களில் பொது ரீசெட்டில் போகாது. தனியாக அழிக்காவிட்டால் அடுத்தவர் எடுக்கும் படங்களிலும் உங்கள் பெயரே பதிவாகும்.