மூன்று மைல் இடைவெளியில் இரண்டு சர்ச்

ஒமாஹாவிலிருந்து கிழக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் எல்க் ஹார்ன் வரும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலம், டேனிஷ்காரர்கள், அதாவது டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள், குடியேறிய சுமார் 600 பேர் இருக்கும் ஊர். கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளம், நடுவில் 60 அடி உயரத்துக்கு ஒரு காற்றாலை. 1848இல் டென்மார்க்கில் கட்டியது. 1976இல் அதைக் கழற்றி, மரங்களுக்கு எண் போட்டு, கப்பலேற்றிக் கொண்டுவந்து ஊர்க்காரர்களே கூடி மறுபடி நிறுத்தினார்கள்.

மே மாதக் கடைசியில் அங்கே டிவோலி திருவிழா நடக்கும். குடும்பத்தோடு போயிருந்தோம். எங்கே பார்த்தாலும் சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட கொடி. சாப்பிட எப்ளஸ்கீவர். என்னவோ ஏதோ என்று வரிசையில் நின்றால், கையில் வந்தது நம் குழிப்பணியாரம்! கல்லும் அதே குழிக்கல். பின்னல் ஊசியால் திருப்பிப் போடுகிறார்கள், மேலே சீனிப்பொடி தூவுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். என் மனைவி அந்தக் கல்லை விலை விசாரிக்கவே போய்விட்டாள்.

இதை எதையும் கேலி செய்ய வரவில்லை. ஊர் தேய்ந்துகொண்டே போகும்போது மனிதர்கள் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். ஆனால் இந்த டேனிஷ் ஊர்களின் கதையிலேயே சுவையான பகுதி கொண்டாட்டத்தில் எங்கேயும் காதில் விழவில்லை. அது ஒரு சண்டை.

எல்க் ஹார்னுக்கு மூன்று மைல் வடக்கே கிம்பல்டன். அங்கே இப்போது 300 பேர்கூட இல்லை. பூங்காவில் ஒரு குட்டிக் கடற்கன்னி சிலை, கோபன்ஹேகனில் இருப்பதன் நகல். இரண்டு ஊரும் டேனிஷ்காரர்கள் உண்டாக்கியவை. இரண்டிலும் லுத்தரன் சபைதான். ஆனாலும் எல்க் ஹார்ன்காரர்கள் ‘புனித டேனியர்’, கிம்பல்டன்காரர்கள் ‘குஷி டேனியர்’ என்று பெயர் வாங்கினார்கள். குஷிக் கூட்டம் குருண்ட்விக் என்ற டேனிஷ் போதகரின் வழி: ‘முதலில் மனிதன், பிறகு கிறிஸ்தவன்’ என்று எழுதியவர். ஆடலாம், பாடலாம், உடற்பயிற்சி செய்யலாம், ஒரு வாய் பியரும் குடிக்கலாம். புனிதக் கூட்டத்துக்கு நடனம், சீட்டு, மது எல்லாமே பாவம். முதலில் மனம் திரும்பு, மற்றதெல்லாம் அப்புறம்.

1894இல் சபை உடைந்தது. குஷித் தரப்புக்கு டெ மாயின் நகரில் கிராண்ட் வியூ கல்லூரி, புனிதத் தரப்புக்கு நெப்ராஸ்காவின் பிளேரில் டேனா கல்லூரி. டேனா 2010இல் மூடப்பட்டது. இரு தரப்பும் மறுபடி ஒரே சபைக்குள் வந்தது 1988இல், அதுவும் வேறு பெரிய லுத்தரன் சபைகளில் தனித்தனியாகக் கரைந்த பிறகு. ஆடலாமா கூடாதா என்பதில் ஆரம்பித்த பிரிவு 94 ஆண்டு நின்றிருக்கிறது.

சரி, ஆட்டத்துக்காகவா இவ்வளவு? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அடியில் இருந்தது மொழி. குருண்ட்விக் வழிக்காரர்களுக்குத் தாய்மொழி போனால் விசுவாசத்தில் பாதி போன மாதிரி. அதனால்தான் புல்வெளி நடுவே ‘மக்கள் உயர்பள்ளி’ கட்டினார்கள். தேர்வு இல்லை, பட்டம் இல்லை. குளிர்காலத்தில் விவசாய வீட்டுப் பிள்ளைகள் வந்து தங்கிச் சரித்திரமும் பாட்டும் கற்றார்கள். அமெரிக்காவில் அப்படி முதல் பள்ளி 1878இல் எல்க் ஹார்னிலேயே தொடங்கியது. மினசோட்டாவின் டைலரில் இதற்காக ஒரு குடியேற்றமே எழுந்தது. ரயில்வே கம்பெனியோடு பேசி, மூன்று வருடம் டேனியருக்கு மட்டும் நிலம் விற்க ஏற்பாடு செய்தார்கள். புனிதக் கூட்டத்தின் கணக்கு வேறு: ஆத்துமா தப்பினால் போதும், எந்த மொழியில் தப்பினால் என்ன?

நான் குஷிக் கூட்டத்தின் பக்கம். ஆனால் புனிதக் கூட்டம் காலத்தைச் சரியாகக் கணித்தது என்பதையும் மறைக்க முடியாது.

1918 மே 23 அன்று ஐயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் ஆணை போட்டார். பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், தொலைபேசியில், சர்ச் பிரசங்கத்தில்கூட ஆங்கிலம் மட்டுமே. முதல் உலகப் போர் நேரம், குறி ஜெர்மன் மொழிதான். ஆனால் டேனிஷும் அதில் மாட்டியது. வந்தவர்களில் ஒரு பகுதியினர் ஏன் வந்தார்கள் என்று பார்த்தால்தான் இதன் கொடுமை புரியும். 1864 போரில் டென்மார்க் ஷ்லெஸ்விக் பகுதியை ஜெர்மானியரான பிரஷ்யர் தரப்பிடம் இழந்தது. பிரஷ்ய ஆட்சியில் அங்கே பள்ளிகளில் ஜெர்மன் திணிக்கப்பட்டது. பிரஷ்யப் படையில் சேரப் பிடிக்காத இளைஞர்கள் கப்பலேறினார்கள். ஜெர்மனுக்குத் தப்பி வந்தவர்களின் வாயை ஜெர்மனைத் தடுக்க வந்த ஆணை அடைத்தது. அந்த டிசம்பரில் ஆணை நீங்கியது. ஆனால் மேடை ஏறி ஆங்கிலம் பேசிப் பழகிய போதகர் திரும்பிப் போவது அவ்வளவு எளிதா?

கட்டுக்கதைகளுக்கும் குறைவில்லை. நெப்ராஸ்காவில் டேனபுரோக் என்று ஒரு ஊர், லார்ஸ் ஹனிபால் என்பவர் தலைமையில் 1871இல் உருவானது. டென்மார்க் கொடியின் பெயரே ஊருக்குப் பெயர். 1219இல் எஸ்தோனியாவில் நடந்த போரில் அந்தக் கொடி வானத்திலிருந்து விழுந்தது என்பது கதை. அதைக் கப்பலில் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். 1874இல் வானத்திலிருந்து நிஜமாகவே விழுந்தவை வெட்டுக்கிளிகள். பயிரை மொட்டையடித்துவிட்டுப் போயின.

அதே 1874–75இல்தான் அந்த மண்ணின் பூர்வகுடிகளான பானி மக்கள் ஓக்லஹோமா பக்கம் பெயர்க்கப்பட்டார்கள். ‘ஆளில்லாப் புல்வெளியில் முன்னோடிகள்’ என்று பேசும்போது இது வசதியாக விடுபட்டுவிடும். டேனபுரோக்கில் வாழ்ந்த நாட்டாரியலாளர் ரோஜர் வெல்ஷ் மட்டும் விடவில்லை. தன் நிலத்தைப் பானி மக்களுக்கே எழுதிக் கொடுத்தார்.

எனக்கு மிகப் பிடித்தது கான்சாஸ் கதை. டென்மார்க்கில் சோஷலிசக் கட்சியைத் தொடங்கிய லூயி பியோவுக்குப் போலீசே பணம் கொடுத்து நாட்டை விட்டு அனுப்பியது. 1877இல் அவர் கான்சாஸின் ஹேய்ஸ் அருகே பொதுவுடைமைக் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். சுமார் ஆறே வாரம். ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக் கலைந்துவிட்டார்கள். எல்க் ஹார்னுக்கும் கிம்பல்டனுக்கும் சண்டை போட ஆளுக்கொரு சர்ச்சாவது இருந்தது.

‘டேனியர் சண்டை போட்டுத்தானே அழிந்தார்கள்’ என்றார் கூட வந்த நண்பர். நான் ஒப்பவில்லை. அமெரிக்காவுக்கு வந்த டேனியர் மொத்தமே மூன்று லட்சம் பேர்தான். ஸ்வீடன்காரர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். இருந்த கொஞ்சம் பேரும் சிதறிக் குடியேறினார்கள், வெளியே மணம் முடித்தார்கள். அப்புறம் டிராக்டர் வந்தது. அரசு கொடுத்த 160 ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைத்த காலம் போய், ஒரே குடும்பம் ஆயிரம் ஏக்கர் உழும் காலம் வந்தால் ஊரில் யார் மிஞ்சுவார்கள்? பக்கத்து ஜெர்மன் ஊருக்கும் செக் ஊருக்கும் இதே கதிதான், அங்கே ஆட்டத்துக்காகச் சபை உடையாவிட்டாலும்.

காற்றாலையில் டிக்கெட் கொடுத்த பாட்டியிடம், உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஊரைக் கேட்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ‘ஆடுகிற பக்கம்’ என்றார்.