தொப்பியைக் காட்டுறான், குதிரையைக் காட்ட மாட்டேங்கிறான்

2022 மே முதல் சனிக்கிழமை. ஊரிலிருந்து வந்த அப்பா நியூஜெர்சியில் எங்களோடு தங்கியிருந்தார். டிவியில் அமெரிக்காவின் பெரிய குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பி. ஒன்றேகால் மைல் ஓட்டம், இரண்டே நிமிடம். 1973-ல் செக்ரட்டேரியட் என்ற குதிரை 1 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியதை இன்னும் எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. அந்த இரண்டு நிமிடக் கல்யாணத்துக்கு மணிக்கணக்கில் பந்தல் போடுகிறார்கள். தொப்பி, புதினா போட்ட விஸ்கி, நடிகர் பேட்டி, மறுபடியும் தொப்பி.

அப்பா சந்தையில் பல் பிடித்து, சுழி பார்த்து, நாலடி நடக்கவிட்டு மாடு வாங்கியவர். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். "ஏண்டா, தொப்பியா ஓடப்போகுது?"

அன்றைக்கு ஜெயித்தது ரிச் ஸ்ட்ரைக். முந்தின நாள் ஒரு குதிரை விலகியதால் கடைசி நேரத்தில் இடம் கிடைத்தது. நிற்க வைத்தது வெளிக்கோடியில், 20-ஆம் இடத்தில். பந்தய விலை 80-க்கு 1, அதாவது ஜெயிக்கும் என்று யாருமே நம்பவில்லை. எபிசென்டர், ஸேண்டன் என்ற இரண்டு குதிரைகள் முன்னால் முட்டிக்கொண்டிருக்க, வர்ணனையாளர் வாயில் இதன் பெயர் வந்தபோது ஓட்டமே முடியப்போகிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், 20 குதிரை. ஆனால் பிறகு மேலேயிருந்து எடுத்த காட்சியைப் போட்டார்கள் பாருங்கள்! கம்பியோரமாக வந்தது, களைத்த குதிரை ஒன்று மறிக்கவும் வெளியே ஒடித்து, அதைத் தாண்டி மறுபடி உள்ளே புகுந்து வருகிறது. சந்தைக் கூட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவன் மாதிரி. ஒரு வார்த்தைகூட வேண்டாம். அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

கோல்ஃபில் இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே பாதி நேரம் நடைதான், தூங்கி வழிய வேண்டிய சமாச்சாரம். ஆனாலும் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியின் ஒளிபரப்பில் மணிக்கு நான்கு நிமிட விளம்பரம்தான். 2005-ல் பதினாறாம் குழியின் விளிம்பில் டைகர் வுட்ஸின் பந்து நின்று, யோசித்து, அப்புறம் விழுந்ததே, கேமரா அதன் முகத்தருகே இருந்தது. 2019-ல் அவர் மறுபடி ஜெயித்தபோது வர்ணனையாளர் ஜிம் நான்ட்ஸ் ஒரு வரி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். மகனைக் கட்டிப்பிடித்ததைக் கூட்டத்தின் சத்தத்தோடு நாமே பார்த்தோம்.

அமைதியிலும் கள்ளம் உண்டு, அது வேறு கதை. 2000-ல் கோல்ஃப் ஒளிபரப்பில் பதிவு செய்த பறவைக் குரலைச் சேர்த்ததாக சிபிஎஸ் டிவி ஒப்புக்கொண்டது. பறவை பார்க்கிறவர்களின் காதுக்குத் தப்பவில்லை.

நான் கேட்பது கொஞ்சம்தான். சேணம் பூட்டும் இடத்தில் ஒரு கேமராவை வைத்துவிட்டு இருபது நிமிடம் பேசாமல் இருங்கள். எது வியர்க்கிறது, எது காதை மடக்குகிறது, எது கால் மாற்றி நிற்கிறது என்று நாங்களே பார்த்துக்கொள்கிறோம். மிச்ச நேரத்துக்கு எத்தனை தொப்பி வேண்டுமானாலும் காட்டுங்கள், சரி.

டெர்பி ஓடும்போது ஊரில் ஞாயிறு விடியற்காலை நாலரை மணி. அப்பா பால் கறக்க எழும் நேரம். ஒவ்வொரு மே மாதமும் போன் வரும், எது ஜெயித்தது என்று கேட்க மாட்டார். "இந்த வருஷமாவது நடக்கவிட்டுக் காட்டினானா?"