என்னைப் புகழ்வதாக நினைத்து என் மனைவியை அவமதிக்காதீர்கள்

"சூப்பர் அப்பா", "தோளுக்கு மேல் வளர்ந்த இரண்டு பையன்களை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறார்", "இப்படியொரு கணவர் கிடைக்க அந்தப் பெண் கொடுத்துவைத்திருக்க வேண்டும்". என் மனைவி பதவி உயர்வு பெற்று மதுரைக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து, சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலும், உறவினர் வீட்டு விசேஷங்களிலும், பிள்ளைகளின் பள்ளியிலும் கேட்டுக் கேட்டு என் பொறுமையைத் தீர்த்துவிட்ட வாக்கியங்கள் இவை. சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது. மூத்தவன் பிறந்த நாள் முதல் இதே வேலைகளைச் செய்துவந்த ஒரு பெண்ணை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காதவர்கள், அதே வேலைகள் என் கைக்கு வந்ததும் கைதட்டுகிறார்கள் என்பதுதான் என் கோபத்துக்குக் காரணம்.

அப்படி நான் என்னதான் செய்துவிட்டேன்? விடியும் முன் எழுகிறேன். குழாயில் தண்ணீர் வரும் நாளாக இருந்தால் முதலில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புகிறேன். முந்தின நாள் அரைத்து வைத்த மாவில் இட்லி ஊற்றுகிறேன். பிளஸ் டூ படிக்கும் மூத்தவன் ஒரு ஈடு இட்லியைத் தனியாகவே முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டு டப்பாவைக் காலை இடைவேளையிலேயே திறந்துவிடுவான். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் இளையவனுக்கு மீசை அரும்பும் வயது. அவனுடைய வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டையில் வியர்வையும் புழுதியும் சேர்ந்து பழுப்பு வரியாகப் படிந்திருக்கும். இரவே சோப்புத் தேய்த்து ஊறவைத்து, காலையில் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால்தான் அது போகும். பிறகு செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் என் வரிக் கணக்கு அலுவலகத்துக்குக் கிளம்புகிறேன். கொலுசுப் பட்டறைக்காரர்களும் லீ பஜார் மண்டிக்காரர்களும் மாதம் பிறந்தால் 11ஆம் தேதிக்குள் ஒரு ஜிஎஸ்டி படிவம், 20ஆம் தேதிக்குள் இன்னொன்று என்று பில்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். மாலையில் திரும்பி வந்து, பையன்கள் வழியில் தட்டுவடை செட்டு தின்றுவிட்டு வந்திருந்தாலும் மறுபடியும் பசிக்கிறது என்று நிற்பார்கள் என்பதால், நேராக அடுப்படிக்குப் போகிறேன். உழைப்பாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கையும் காலும் உள்ள, பெற்ற பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிற யாரும் செய்ய வேண்டிய வேலை இது. இதில் வீரம் எங்கே இருக்கிறது?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். ஈடுபடுவதே பெண்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல், ஆண்களில் ஏறத்தாழ 26 பேர்தான். 2024இல் மறுபடியும் கணக்கெடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88 என்று வந்தது. ஐந்து ஆண்டுகளில் ஆண்களின் நேரம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்திருக்கிறது. இந்த நாட்டில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் கூலியின்றி வேலை செய்கிற கோடிக்கணக்கானவர்களுக்கு இல்லாத பட்டம் எனக்கு மட்டும் எதற்கு?

நம் பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்ககிரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் லாரி ஏறி வடக்கே போகிறவர்கள் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகிறது. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியோடு வெளிமாநிலம் போகிறவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே தங்குகிறார்கள். அவர்களின் வீடுகளில் வயசுப் பையன்களையும் பெண்களையும் ஒற்றை ஆளாக வளர்ப்பவர்கள் யார்? இளம்பிள்ளையிலும் தாரமங்கலத்திலும் தறிச் சத்தத்துக்கு நடுவே நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே உலையில் அரிசி போட்டு, பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் கேட்கும் தாயை "சூப்பர் அம்மா" என்று யாராவது தெருவில் நிறுத்திப் பாராட்டியிருக்கிறார்களா? வெளியூரிலிருந்து வரும் லாரி ஓட்டுநரைப் பார்த்து, "பிள்ளைகளை விட்டுவிட்டு உன்னால் எப்படி இருக்க முடிகிறது?" என்று ஒருவரும் கேட்பதில்லை. என் மனைவியிடம் கேட்கிறார்கள். பேருந்திலிருந்து இறங்கிப் பையைக்கூட வைக்காத நேரத்தில், மாடிப்படியிலேயே நிறுத்திக் கேட்கிறார்கள்.

சட்டம்கூட இந்தப் பார்வையிலிருந்து முழுதாக விலகிவிடவில்லை. மத்திய அரசுப் பணியில் இருக்கும் பெண்கள், பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் விடுப்பு எடுக்கலாம். ஆண்களில் அந்த விடுப்பு துணையின்றித் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு மட்டும்தான். மனைவி இருக்கிறார் என்றால் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதும், தேர்வு வருவதும் அவருடைய பொறுப்பு என்று விதியே முடிவு செய்துவிடுகிறது.

போன மாதம் இளையவனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். படிவம் தாக்கல் செய்யும் நெருக்கடியில் அலுவலகத்தை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தேன். வகுப்பாசிரியை பதிவேட்டிலிருந்து தலையை உயர்த்தி, "அம்மா வரலீங்களா சார்?" என்றார். மதுரையில் பணியில் இருக்கிறார், வீட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உடனே அவர் முகம் மலர்ந்து, பக்கத்து மேசை ஆசிரியையையும் அழைத்து, "சார்தான் சமையல் முதற்கொண்டு எல்லாம் செய்யறாராம்" என்று சொல்ல, இருவருமாக என்னைப் பாராட்டினார்கள். என் மகன் அறிவியல் ரெக்கார்டு நோட்டை முடித்திருக்கவில்லை. அதற்கு, "பாவம், அம்மா ஊர்ல இல்லையே" என்று காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். எனக்கு அடுத்து நின்றவர் ஒரு தாய். கையில் ஹெல்மெட், கழுத்தில் அலுவலக அடையாள அட்டை, முகமெல்லாம் வியர்வை. அவருடைய மகனும் அதே நோட்டைத்தான் முடிக்கவில்லை. "ஏம்மா, வீட்டுல பையனைக் கவனிக்கிறதே இல்லையா?" என்று அதே ஆசிரியை, அதே நாற்காலியில் இருந்துகொண்டு கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லாமல் நோட்டின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் மகன் முடிக்காததற்கும் ஊரில் இல்லாத தாய்தான் காரணம். அவர் மகன் முடிக்காததற்கும் எதிரே நிற்கிற தாய்தான் காரணம். பதினான்கு வயதில், எழுதத் தெரிந்த இரண்டு பையன்கள், எழுதாமல் விட்டதற்கு அவர்களே பொறுப்பு என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் வாயைத் திறந்து அதைச் சொன்னபோது, "சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று அதையும் பாராட்டாகவே மாற்றிவிட்டார்கள்.

இந்தக் கண்டிப்பு விஷயம் தனியாகவே எரிச்சலூட்டுகிறது. மூத்தவனுக்கு இன்னும் 18 முடியவில்லை. நண்பர்களோடு பைக்கில் ஏற்காடு போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். இருபது கொண்டை ஊசி வளைவுகள், எதிரே சுற்றுலா வண்டிகள், உரிமம் இல்லாத பையன்கள். 18 வயது நிறையாதவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அபராதம் கிடக்கட்டும், பிள்ளை முழுசாகத் திரும்பி வர வேண்டுமே! முடியாது என்றேன். மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். "அப்பான்னா இப்படி இருக்கணும்" என்றார் மேல்வீட்டுக்காரர். சென்ற ஆண்டு இதே கோரிக்கைக்கு இதே பதிலை என் மனைவி சொன்னபோது, "பையனை ரொம்பப் பொத்திப் பொத்தி வளர்க்கறீங்க" என்று சொன்னவரும் அவர்தான்.

இவையெல்லாம் என்னோடு முடிந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இந்தப் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் என் மகன்கள். பதினேழு வயதில் காதில் விழுவதெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். வீட்டுக்கு வந்த என் பெரியம்மா, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மூத்தவனைப் பார்த்துப் பதறி, "ஏன் கண்ணு, ஆம்பளப் பையனைப் போயி இப்படிப் பண்ண வைக்கறே? வெச்சுடு சாமி, நான் கழுவறேன்" என்று ஸ்க்ரப்பரைக் கையிலிருந்து பிடுங்கினார். தன் தட்டைத் தானே கழுவியதற்காக, போகும்போது அவன் சட்டைப் பையில் நூறு ரூபாயையும் வைத்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. முந்தின நாள் வேலை முடிந்து, பேருந்தில் நின்றும் உட்கார்ந்தும் வந்து, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்பு வீட்டுக்குள் நுழைந்த என் மனைவி, காலையில் எழுந்து படுக்கை விரிப்புகளைத் துவைத்து மாடியில் காயப்போட்டுவிட்டு, காபி டம்ளரோடு நாளிதழை விரித்தார். மூத்தவன் சோபாவில் சாய்ந்து, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "பாவம்மா அப்பா, வாரம் பூரா அவரே செய்யறாரு. நீ வர்ற ஒரு நாளாச்சும் நீ சமைக்கக் கூடாதா?" என் மனைவி நாளிதழை மடித்து வைத்தார், எழுந்து அடுப்படிக்குப் போகவும் தயாரானார். நான் தடுத்து நிறுத்தினேன். அவன் கெட்ட பையன் இல்லை. தாயின் மேல் பாசம் இல்லாதவனும் இல்லை. ஊர் முழுக்க என்னைப் பாவம் என்றும் தியாகி என்றும் சொல்லிச் சொல்லி, நான் செய்வதெல்லாம் என் மனைவி பட்ட கடன், அதை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அடைக்க வேண்டும் என்று அவன் மனத்தில் எழுதிவிட்டார்கள். என் பிள்ளையின் வாயில் அந்த வாக்கியத்தை வைத்தவர்கள் நீங்கள்தான். அதற்காக உங்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கு அவனை உட்காரவைத்து ஒரு வழக்கைப் பற்றிச் சொன்னேன். கணவர் சவுதி அரேபியாவில் வேலை பார்த்தார். மனைவி இங்கே இருந்து பிள்ளைகளை வளர்த்தார். கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கு உரிமை உண்டா என்று அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் தீர்ப்பு சொன்னார்: விடுமுறையே இல்லாமல் குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தைச் சேர்த்ததில் பங்களிப்புதான், ஆகவே அவருக்குச் சமபங்கு உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது, அது பெண்களின் கூலியில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று தமிழ்நாடு அரசும் சொன்னது. நீதிமன்றமும் அரசாங்கமும் ஏற்றுக்கொண்ட ஒன்றை, நான்கு வீடு தள்ளி இருப்பவர்களுக்குப் புரியவைக்க நான் தொண்டை வறளக் கத்த வேண்டியிருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிறு காலைச் சமையல் இரண்டு பையன்களுடையது. மூத்தவன் சாம்பார் வைக்கிறான், இளையவன் காய் நறுக்குகிறான், துணி காயப்போடுவதும் மடிப்பதும் முறை வைத்து நடக்கிறது. இதைப் பார்த்துவிட்டு அவர்களையும் "சூப்பர் பசங்க" என்று தொடங்காதீர்கள்; சட்டைப் பையில் பணமும் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. என்னைப் பாராட்டி இத்தனை பேர் அழைத்தீர்கள், இத்தனை பேர் வாட்ஸப்பில் கைகூப்பும் படம் அனுப்பினீர்கள். பல ஆண்டுகள் ஒரே பதவியில் இருந்து, இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு படித்துத் துறைத் தேர்வு எழுதி, அதிகாரியாக உயர்ந்திருப்பவர் என் மனைவி. அந்தப் பதவி உயர்வுக்காக அவருக்கு வாழ்த்துச் சொன்ன உறவினர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கள்கூட வேண்டியிருக்கவில்லை. அவருடைய எண் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. எனக்குப் பேசுவதை விட்டுவிட்டு அவரை அழையுங்கள். பிள்ளைகளைப் பற்றியோ சமையலைப் பற்றியோ ஒரு வார்த்தையும் கேட்காமல், வாழ்த்தை மட்டும் சொல்லுங்கள்.