ஆரத்தித் தட்டும் அம்மாவின் மணிக்கட்டும்

தம்பி கல்யாணத்தில் அம்மா ஆரத்தி எடுத்த அந்தப் படத்தை முகநூலிலிருந்து எடுத்துவிட்டேன். காலையிலிருந்து பலர் இன்பாக்ஸில் வந்து ஏன் காணோம் என்று கேட்கிறீர்கள். அம்மா எடுக்கச் சொன்னார், எடுத்தேன். வேறு காரணம் கிடையாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

தம்பி கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அம்மா ஆரத்தி எடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. தம்பி ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டான், "அம்மா எடுத்தாத்தான் படியேறுவேன்" என்று. பெண் வீட்டில் யாரும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்ணுடைய அம்மாதான் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, தட்டை அம்மா கையில் கொடுத்தார்.

படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, மருமகளைக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் சிந்திவிடக் கூடாதே என்று தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வெற்றிலை மேல் வைத்த சூடம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கை அப்படி நடுங்கியது. 2013இல் அப்பா போனதிலிருந்து எந்த விசேஷத்திலும் அம்மா முன்னால் வந்து நின்றதில்லை. என் கல்யாணத்திலேயே, மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போகிற வழியில், ஒரு தூண் ஓரமாக நின்றுதான் எனக்குத் தாலி கட்டுவதைப் பார்த்தார். மணவறையிலிருந்து எனக்கு அவருடைய பாதி முகம்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இன்று வரைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

சரி. படம் போட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்காது, பெரியப்பாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. அப்புறம் அத்தை. அப்புறம் சிங்கப்பூரில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன், பல வருஷமாக எங்கள் வீட்டுப் பக்கமே வராதவர். கணவரை இழந்தவர் ஆரத்தி எடுக்கலாமா என்று, சொல்லி வைத்தாற்போல் எல்லோருக்கும் ஒரே வார்த்தை. "மனசு புண்பட்டுப் போச்சு." படத்தை எடுக்க வேண்டுமாம், குழுவில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

புண் என்கிறீர்களே, நான் ஒரு புண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பாவின் கருமாதிக்கு முந்தின ராத்திரி. கூடத்தில் விளக்கைக் குறைத்துவிட்டு அம்மாவை நடுவில் உட்கார வைத்தார்கள். கை நிறையக் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக, உடைப்பதற்கென்றே அன்றைக்குச் சாயங்காலம் போட்டுவிட்டது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, ஒரு கையை இன்னொரு கையோடு மோத வைத்தார்கள். இடது மணிக்கட்டில் ஒரு சில் ஏறிவிட்டது. ரத்தம் புடவையில் சொட்டியது. யாரோ ஓடிப்போய்க் காப்பித்தூள் கொண்டுவந்து வைத்து அழுத்தினார்கள். அம்மா சத்தம் போடவில்லை. "ஆச்சு, ஆச்சு" என்று யாரோ சொன்னது மட்டும் காதில் இருக்கிறது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது, ஒரு அரிசி நீளத்துக்கு. ஆரத்திப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும், தட்டைப் பிடித்திருக்கிற கைதான் அது.

அன்றைக்கு அந்தக் கையைப் பிடித்திருந்த அத்தைதான் இன்றைக்கு மனசு புண்பட்டுப் போச்சு என்று பேசுகிறார். அத்தையின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் என் கேள்வி அத்தையிடம் மட்டும் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை, "உனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சா" என்று அம்மாவிடம் கேட்டிருந்தால், இன்றைக்கு உங்கள் மனக்கஷ்டத்தை நான் உட்கார்ந்து கேட்டிருப்பேன். அம்மாவுக்கு வலித்தால் அது விதி. உங்களுக்கு வலித்தால் அது என் தப்பு. இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை.

உங்களுக்கு வருத்தம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கும். நிஜமாகவே இருக்கும். அது உங்கள் வருத்தம், நீங்கள்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக அம்மா கையிலிருந்து தட்டைப் பிடுங்க முடியாது.

"பெரியவங்க நம்பிக்கைக்கு ஒரு மரியாதை வேண்டாமா" என்று கேட்கிறீர்கள். மரியாதை இல்லாமலா இத்தனை வருஷம் இருந்தேன்? புரட்டாசிச் சனிக்கிழமையில் அத்தை வீட்டுக்குப் போனால் முட்டை வாசனைகூட இல்லாமல் போவேன். என் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். பெரியப்பா வீட்டில் மாதவிடாய் நாளில் பூஜை அறைப் பக்கம் போகக் கூடாது என்றால் போவதில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் அது அவருடைய வீடு, அவருடைய சாமி. அந்த மரியாதையை நான் சந்தோஷமாகவே கொடுத்திருக்கிறேன். இது எங்கள் வாசல். எங்கள் அம்மா. அவர் பெற்ற பிள்ளை கல்யாணம் முடித்து வந்து நிற்கிறான். இங்கேயும் உங்கள் நம்பிக்கைப்படிதான் எல்லாம் நடக்க வேண்டும் என்றால் அதற்குப் பேர் மரியாதை இல்லை, அதிகாரம்.

சித்தி ஒருவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "எனக்குக் கோபம் இல்லடி, பயமா இருக்கு. புதுசா வந்த பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா எல்லாரும் உங்க அம்மாவைத்தான் சொல்லுவாங்க" என்றார். இதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பயம் பொய் இல்லை. நாளைக்கே அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆரத்தியைத்தான் பேசுவார்கள், எனக்கும் தெரியும். சித்தியிடம் நான் சண்டை போடவில்லை. ஆனால் சுமங்கலிகள் மட்டுமே ஆரத்தி எடுத்து வைத்த எத்தனையோ வீடுகளில் சாவு விழுந்திருக்கிறது சித்தி. எங்கள் அம்மாவுக்கே ஏழு சுமங்கலிகள் சேர்ந்துதான் மஞ்சள் இடித்தார்கள்.

"பலர் மனம் புண்பட்டிருக்கிறது" என்று பெரியப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் 'பலர்' என்ற வார்த்தைக்கு ரொம்ப பலம் இருப்பதாக நினைக்கிறார். கைம்பெண் மறுமணத்துக்கு 1856இல் சட்டம் வந்தது. அதற்காக வங்காளத்துச் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகர் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தபோது, ஆதரவாக வந்த கையெழுத்தைவிட எதிராக வந்த கையெழுத்து பல மடங்கு அதிகம். அத்தனை பேருக்கும் மனது புண்பட்டிருந்தது. புண்பட்ட தலைகளை எண்ணி முடிவெடுத்திருந்தால் அந்தச் சட்டம் வந்திருக்குமா?

சிங்கப்பூர் அண்ணன் ஒரு படி மேலே போய், "மத உணர்வைப் புண்படுத்தினா சட்டம் இருக்கு தெரியுமா" என்று எழுதினார். அம்மா அதைப் படித்துவிட்டுத்தான் பயந்துபோய்ப் படத்தை எடுக்கச் சொன்னார். அறுபத்து மூன்று வயதில், சொந்தப் பிள்ளைக்கு ஆரத்தி எடுத்ததற்குப் போலீஸ் வருமோ என்று அந்த அம்மா ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இதை நான் மறக்க மாட்டேன் அண்ணா.

எனக்குத் தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். அண்ணன் சொல்லும் சட்டம் 1927இல் வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 295ஏ பிரிவு. இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு ஒரு மதத்தை அவமதித்தால்தான் அது பொருந்தும். 1957இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. யாருக்கோ வருத்தமாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. அம்மாவின் கையில் இருந்த தட்டில் என்ன கெட்ட நோக்கம் இருந்தது?

ஆனால் சட்டம் நம் பக்கம் இருப்பதால் மட்டும் நிம்மதி வந்துவிடாது என்பதும் தெரியும். 2005இல் குஷ்பு ஒரு பத்திரிகையில் தன் கருத்தைச் சொன்னதற்கு ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். 23 வழக்குகள். உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது 2010 ஏப்ரலில். ஐந்து வருஷம் ஒரு மனுஷியை அலைய விட்டார்கள். நான் அவர் சொன்னது சரியா தப்பா என்ற பேச்சுக்கே போகவில்லை. அவர் பிரபலம், தாங்கிக்கொண்டார். எங்கள் அம்மா ஒரு ராத்திரியைக்கூடத் தாங்கவில்லை. மனசு புண்பட்டது என்ற வார்த்தையை எடுத்து வீசினால் போதும், எதிராளி தானாகவே அடங்கிவிடுவார் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் வீட்டிலும் அதுதான் நடந்தது. படம் போய்விட்டது.

"சாமிக்கு ஆகாது" என்று அத்தை சொன்னதற்கும் ஒன்று சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கோயிலில், கணவரை இழந்தவர் என்பதற்காக ஒரு பெண்ணை ஆடித் திருவிழாவுக்கு உள்ளே வரக் கூடாது என்று தடுத்தார்கள். அவருடைய கணவர் அதே கோயிலில் பூசாரியாக இருந்தவர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவரைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஒரு பெண்ணுக்கென்று தனி அடையாளம் இருக்கிறது, கணவர் இருக்கிறாரா இல்லையா என்பதை வைத்து அது கூடவோ குறையவோ செய்யாது என்றும் சொன்னார். இந்தக் காலத்திலும் சாமி கும்பிட ஒரு பெண் கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

கிராமத்தில் இந்த வழக்கமெல்லாம் மாறாது என்பவர்களுக்கு: மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்ற கிராமம்தான் 2022 மே மாதம், வளையல் உடைப்பது, பொட்டழிப்பது, தாலி பறிப்பது எல்லாவற்றையும் நிறுத்துவதாக ஊராட்சியில் தீர்மானம் போட்டது. அதைப் பார்த்து அந்த மாநில அரசே மற்ற ஊர்களையும் அப்படிச் செய்யச் சொன்னது. நாமோ கலைஞர் சொன்ன விளக்கத்தை, விதவை என்று எழுதினால் பொட்டு இல்லை, கைம்பெண் என்று எழுதினால் இரண்டு பொட்டு என்பதை, மேடைக்கு மேடை சொல்லிக் கைதட்டியவர்கள். வார்த்தைக்குப் பொட்டு வைத்தாயிற்று. நெற்றிக்கு வைத்தால் மட்டும் ஏன் இவ்வளவு கொதிப்பு?

"படிச்ச திமிர்" என்றும் ஒரு கமென்ட் இருந்தது. சகோதரி சுப்பலட்சுமி என்று ஒருவர் இருந்தார். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். மெரினாவில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸில், தன்னைப் போன்ற குழந்தைகளைத் தங்க வைத்துப் படிக்க வைத்தார். அவர் படிக்கப் போனதே அந்தக் காலத்தில் எத்தனையோ பேருக்குப் பொறுக்கவில்லை. அந்தத் திமிர் எனக்கு இருந்தால் நல்லதுதான்.

இன்னொரு கேள்வியும் வரும். "நாளைக்கு உங்க அம்மாவைக் கேவலமா ஒருத்தன் எழுதினா உனக்கு மனசு புண்படாதா?" புண்படும். அழுவேன், சண்டைக்கும் போவேன். ஆனால் கேவலமாகப் பேசுவதும், ஒரு தாய் தன் வாசலில் நிற்பதும் ஒன்று என்று உங்களுக்குத் தோன்றுகிறதே, அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

குடும்ப விஷயத்தை ஏன் முகநூலில் எழுதுகிறாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. மன்னிப்பைப் பொதுவில் கேட்கச் சொன்னது நான் இல்லை.

நேற்று ராத்திரி அம்மா அடுப்படியில் நின்றுகொண்டே, "எடுத்துட்டியா பாப்பா" என்று கேட்டார். எடுத்துட்டேன் என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலேயே, "அழிக்கல இல்ல? போன்ல இருக்குல்ல?" என்றார்.

இருக்கிறது அம்மா. பிரேம் போடக் கொடுத்திருக்கிறேன்.

ஆவணியில் தங்கைக்கு வளைகாப்பு. தேதி குறித்ததும் எல்லோருக்கும் பத்திரிகை வரும். பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் நானே நேரில் போய் வைப்பேன். முதல் வளையல் அம்மாதான் போடுவார். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு வாசலில் நின்று யாரும் பேச வேண்டாம். அத்தை, நீங்களும் வர வேண்டும். அம்மாவுக்கு அடுத்த வளையல் உங்களுக்குத்தான் வைத்திருக்கிறோம்.