“அது ஏதோ சர்டிபிகேட் தானே”

சனிக்கிழமை நம் விழா மேடையில் கல்லூரி முடித்த பிள்ளைகளின் பெயர்களை வாசித்தபோது என் மகன் பெயரை மட்டும் விட்டுவிட்டது இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். அதனால் முழுக் கதையையும் திரும்ப விவரிக்கப் போவதில்லை. மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று இரவு ஒருவர் “சார் ஓவரா ரியாக்ட் பண்றார்” என்று எழுத, அதற்கு ஏழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். சரி, அப்படியென்றால் ஒழுங்காகவே ரியாக்ட் பண்ணிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

“இந்த ஆண்டு கல்லூரி முடித்த நம் பிள்ளைகள்” என்று தலைப்புப் போட்டு ஃபார்ம் அனுப்பியது, விழாக் குழுவினரே, நீங்கள். நிரப்பி அனுப்பியது நான். “பெற்றுக்கொண்டோம், வாழ்த்துகள்” என்று பதிலும் வந்தது. விழாவுக்கு முதல் நாள் யாரோ பட்டியலைப் பார்த்துவிட்டு, “இது டிகிரி இல்லையே, கம்யூனிட்டி காலேஜ்ல ஏதோ சர்டிபிகேட் தானே” என்று சொல்ல, பெயரை எடுத்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான், அந்த மரியாதைக்காக.

நான் கேட்பது ஒன்றுதான். அவன் பெயரை அதே பட்டியலில், அதே அகரவரிசையில், மற்ற பிள்ளைகளின் பெயரை வாசித்த அதே குரலில் வாசித்திருக்க வேண்டும். பொன்னாடை வேண்டாம், கண்ணீர் மல்க ஒரு உரை வேண்டாம். அதே பட்டியல், அதே குரல்.

இப்போது அந்த ‘ஏதோ’வுக்கு வருகிறேன்.

இந்த அமெரிக்காவில் என் மகனைப் போலக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளியில் படிக்கும் உரிமை 1975-இல் சட்டமானது. எங்கள் கலிஃபோர்னியாவில் 22 வயது வரை பள்ளி மாவட்டத்தின் பொறுப்பு. தெரபி, உதவியாளர், வருடாவருடம் ஐஇபி (அந்தப் பிள்ளைக்கென்றே போடும் கல்வித் திட்டம்) மீட்டிங், வாசலுக்கே வரும் மஞ்சள் பஸ் எல்லாம் உண்டு. 22 ஆனதும் அந்த பஸ் வராது. அதற்குப் பிறகு எதுவும் தானாக வீடு தேடி வராது. ஒவ்வொரு கதவையும் நாமே தட்டி, நம் பிள்ளைக்கு இது தேவைதான் என்று நிரூபித்து, காத்திருப்போர் பட்டியலில் உட்கார வேண்டும். எங்களைப் போன்ற பெற்றோர் இதை ‘கிளிஃப்’, அதாவது செங்குத்தான மலை விளிம்பு, என்போம். நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று காலடியில் தரை இருக்காது.

அந்த இடத்தில்தான் சில கம்யூனிட்டி காலேஜ்கள் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரிகள்) வேலைக்குத் தயார்ப்படுத்தும் திட்டம் நடத்துகின்றன. அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர்கள், உயர்நிலைப் பள்ளி டிப்ளமோ இல்லாவிட்டாலும், அங்கீகாரம் பெற்ற கல்லூரித் திட்டங்களில் சேர்ந்து பெல் கிராண்ட் என்ற மத்திய அரசுக் கல்வி உதவித்தொகை வாங்கலாம் என்று 2008-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதாவது அமெரிக்க நாடாளுமன்றம் அதைக் கல்லூரி என்று ஒப்புக்கொண்டு பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. நம் விழாக் குழுவுக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

“அங்கே என்னதான் சொல்லித் தருவாங்க?” என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அக்கறையோடு கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

முதல் நாள் எனக்குத்தான் பாடம். ஒருங்கிணைப்பாளர் அவனைப் பார்த்து “உனக்கு என்ன மாதிரி வேலை பிடிக்கும்?” என்று கேட்டார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், நான் வாயைத் திறந்துவிட்டேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பாமலேயே லேசாக ஒரு கையைத் தூக்கினார். நான் மூடிக்கொண்டேன். அவன் பதில் சொல்ல எத்தனை நேரம் எடுத்துக்கொண்டான் தெரியுமா? சுவர்க் கடிகாரத்தை நான் மூன்று தடவை பார்த்தேன். கடைசியில் “சத்தம் இல்லாத இடம்” என்றான். அது எனக்கே தெரியாது. கல்லூரி என்று வந்துவிட்டால், பிள்ளையின் சம்மதம் இல்லாமல் பெற்றோரிடம் அவனுடைய விவரம் பேச மாட்டார்கள், சட்டம் அப்படி. ஐஇபி பள்ளியோடு முடிந்தது. கல்லூரியில் என்ன உதவி வேண்டும் என்று அவனேதான் போய்க் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதே முதல் சில மாதப் பாடம்.

பிறகு பஸ் மாறுவது. நேர்காணலில் கைகுலுக்கி எவ்வளவு நேரத்தில் கையை விடுவது. தன் குறைபாட்டை முதலாளியிடம் சொல்வதா, எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது. சம்பளச் சீட்டில் பிடித்தம் என்றால் என்ன. மேலதிகாரி கிண்டல் செய்கிறாரா, திட்டுகிறாரா என்று கண்டுபிடிப்பது (இதை ஐடி கம்பெனிகளிலும் ஒரு பாடமாக வைக்கலாம்). அப்புறம் உண்மையான இடத்தில் இன்டர்ன்ஷிப், கூடவே ஒரு ஜாப் கோச். அவர் முதல் வாரம் பக்கத்தில் நின்றார், அடுத்த மாதம் கதவருகே, அதற்கப்புறம் போனில்.

இன்று அவன் ஒரு மருத்துவமனையின் பொருள் கிடங்கில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கிறான். அலமாரியில் அடுக்குவது, காலாவதித் தேதி பார்ப்பது. சத்தம் இல்லாத இடம்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. போய்த் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல். ஐயோ, வேலைக்குச் சொல்ல வேண்டுமே என்று நான் போனைத் தேடினேன். “சொல்லிட்டேன்” என்றான் போர்வைக்குள்ளிருந்து. அஞ்சரை மணிக்கே சூப்பர்வைசருக்குக் கூப்பிட்டு, தன் பெயரைச் சொல்லி, காய்ச்சல், இன்று வர முடியாது, நாளை காலை மறுபடி கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வகுப்பில் அதை நாடகம் மாதிரி எத்தனையோ முறை நடித்துப் பழகியிருக்கிறார்கள். பிள்ளை வேலைக்கு லீவு போட்டதற்காகச் சமையலறையில் நின்று அழுத தமிழ் அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உங்கள் ‘ஏதோ’வில் இதுவும் அடக்கம்.

இப்போது வரிசையாக வருவீர்கள், தெரியும்.

“விதி விதிதான் சார், டிகிரி முடிச்சவங்க லிஸ்ட்.” அப்படியா? போன வருடம் எட்டு வாரக் கோடிங் வகுப்பு முடித்த பையனை இதே மேடையில் ஏற்றினீர்கள். நானும் எழுந்து நின்று கைதட்டினேன். அவனுக்கு எந்தப் பல்கலைக்கழகம் டிகிரி கொடுத்தது? அன்று விதி ஊருக்குப் போயிருந்ததா?

“எல்லாருக்கும் கொடுத்தா மதிப்பு என்ன இருக்கு?” மெமெண்டோ பிளாஸ்டிக். விட்டுவிடுவோம்.

“எங்க வரிப்பணம்தானே.” என் வரிப்பணமும்தான். வேலை இல்லாமல் எஸ்எஸ்ஐ என்ற அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டு வீட்டில் கிடந்தால் அது யார் பணமாம்? அந்த உதவித்தொகை வாங்குபவர் கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது என்று விதி. 1989-இலிருந்து அதே 2,000. சேமித்தால் குற்றம், சும்மா இருந்தால் சோம்பேறி. 2024-இல் இந்த நாட்டில் மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தவர்கள் 22.7 சதவீதம், மற்றவர்களில் 65.5. (வயதானவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள், தெரியும். கமென்டில் வந்து பாடம் எடுக்க வேண்டாம்.) மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கலாம் என்று 1938-இல் போட்ட சட்டப்பிரிவு நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியில்தான் அது முழுவதுமாக நின்றது.

“எல்லாத் திட்டமும் அப்படி நல்லா இருக்கா?” இல்லை. பேர்தான் பயிற்சி, நாளெல்லாம் காகிதம் மடிக்க வைக்கிற இடங்களையும் நேரில் பார்த்திருக்கிறேன். முடித்த எல்லோருக்கும் வேலை கிடைப்பதும் இல்லை. இது நியாயமான கேள்வி, இன்னொரு நாள் பேசலாம்.

“கம்யூனிட்டி காலேஜா...” என்று இழுக்கிறவர்களுக்கு ஒன்று. நம்மில் பலர் தினமும் காரில் தாண்டிப் போகிற சான் மேட்டியோவில் ஒரு கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடிய எட் ராபர்ட்ஸ் அங்கேதான் முதலில் படித்தார். 14 வயதில் போலியோ. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய அசைவே கிடையாது, தூக்கம் இரும்பு நுரையீரல் என்ற மூச்சு இயந்திரத்துக்குள். 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். படிப்புக்கு உதவி கேட்டபோது மாநில மறுவாழ்வுத் துறை, இவரால் எந்தக் காலத்திலும் வேலை பார்க்க முடியாது என்று முதலில் கைவிரித்தது. 1975-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதே துறைக்கு அவரையே இயக்குநராகப் போட்டார். என் மகன் சேர்ந்த திட்டத்துக்குப் பணம் தருவதும் அந்தத் துறைதான்.

உடனே “அவர் அறிவாளி சார், உங்க பையனும் அப்படியா?” என்பீர்கள். பல வருடமாக இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். “ஏதாவது ஸ்பெஷல் டேலண்ட் இருக்குமே? காலண்டர் சொல்வானா? பியானோ?” இல்லைங்க. என் மகனிடம் ஒளிந்திருக்கும் மேதை யாரும் கிடையாது. எந்தத் தேதி என்ன கிழமை என்று சொல்லி உங்களை அசத்த மாட்டான். அட்டைப்பெட்டியைப் பிரித்து அடுக்குவான், நன்றாக அடுக்குவான். பட்டியலில் பெயர் வர அது போதாதா? அன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் மேதையென்று பரிசோதித்துப் பெயர் வாசித்தீர்கள்?

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியதுதான் எல்லாவற்றையும் விட வலித்தது. “பையன் மனசு புண்படக்கூடாதுன்னுதான் எடுத்தோம். மேடைல எல்லாரும் பார்ப்பாங்க, அவனுக்குச் சங்கடமா இருக்கும்.” அவன் அன்று மூன்றாவது வரிசையில், தானே இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டினான். கடைசிப் பெயர் முடிந்து தேநீர் இடைவேளை என்று அறிவித்தபோதும் அவன் எழவில்லை. பக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தானாம். சங்கடம் யாருக்கு?

சொல்லத்தான் வேண்டும், எனக்கும் இருந்தது. அவன் கல்லூரியில் சேர்ந்த வருடம் ஆபீஸ் லஞ்சில் ஒருவர் “பையன் என்ன மேஜர்?” என்று கேட்டார். “அன்டிக்ளேர்டு”, அதாவது முதன்மைப் பாடம் இன்னும் முடிவாகவில்லை, என்றேன். அடுத்த வருடமும் அதே பதில். ஊரில் என் அக்காவிடம்கூட “காலேஜ் போறான்க்கா” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சனிக்கிழமை அந்தப் பெயரை எடுத்தவர் ஒரு வினாடியில் செய்ததை நான் இரண்டு வருடமாகச் செய்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு என் மனைவி “இதையும் போடணுமா?” என்றாள். போடுகிறேன். அதனால் நீங்கள் செய்தது சரியாகிவிடாது.

இன்று காலை விழாக் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். நல்ல பிள்ளை, குரலே இறங்கியிருந்தது. “அண்ணா, அடுத்த நிகழ்ச்சியில தம்பிக்கு ஒரு சிறப்பு அங்கீகாரம் மாதிரி பண்ணிடலாம்ணா, தனியா.” சிறப்பு வேண்டாம், தனியாக வேண்டாம் என்றேன். இருபத்திரண்டு வருடம் ‘ஸ்பெஷல்’ என்ற வார்த்தையோடு குடித்தனம் நடத்தியவர்கள் நாங்கள். விட்டுப்போன பெயர் என்று சொல்லி, பெயர், கல்லூரி, முடித்த வருடம், இவ்வளவு மட்டும் மற்றவர்களுக்கு வாசித்தது போலவே வாசித்தால் வருகிறோம் என்றேன். பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அடுத்த நிகழ்ச்சிக்கு வர முடியுமா என்று மகனிடம் கேட்டேன். போனில் காலண்டரைத் திறந்து பார்த்தான். அன்றைக்கு அவனுக்கு ஷிப்டாம். லீவு வேண்டுமென்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஆகவே விழாக் குழுவினரே, என்ன முடிவென்றாலும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.