ஓல்டு பெய்லி ஓவியங்கள் விசாரணை அறைக்குள் வரைந்தவை அல்ல

‘காவலர் சாட்சி சொல்லச் சொல்ல, எதிரே அமர்ந்து ஓவியர் வரைந்தது’ என்ற குறிப்போடு லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்ற ஓவியங்கள் பகிரப்படுகின்றன. இது தவறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1925ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 41ஆம் பிரிவு, வெளியிடும் நோக்கில் நீதிமன்றத்தில் நீதிபதி, ஜூரி, சாட்சி ஆகியோரை வரைவதைத் தடை செய்கிறது. புகைப்படத்துக்கும் அதே தடைதான்.

உள்ளே எழுத்துக் குறிப்பு எடுக்கலாம். சாட்சிக் கூண்டில் நிற்கும் காவலர் எந்தப் பக்கம் திரும்பினார், குறிப்பேட்டை எந்தக் கையில் பிடித்தார், சீருடையா கோட்டா, தலைமுடி, கண்ணாடி என்று சொற்களாகவே பதிய வேண்டும். பிறகு அறையைவிட்டு வெளியேறி, நினைவு மங்குமுன் பெரும்பாலும் பேஸ்டல் எனும் வண்ணக் குச்சிகளால் வரைகிறார்கள். மாலைச் செய்திக்குள் முடித்தாக வேண்டும்; எனவே முகத்துக்கே நேரம் போகும். பொத்தான், தோள்பட்டை எண் போன்றவை பிசகுவது இதனால்தான். படத்தில் காவலர் அருகே குற்றவாளிக் கூண்டு தெரிந்தால், அறையின் தூரத்தை ஓவியர் சுருக்கியிருக்கலாம். அதை வைத்து ‘இருவரும் பேசிக்கொண்டார்கள்’ என்று எழுதுவது அந்தக் காவலருக்குச் செய்யும் அநியாயம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு: அங்கே விசாரணை நடக்கும்போதே ஓவியர்கள் அறைக்குள் அமர்ந்து வரைகிறார்கள். இரண்டையும் குழப்பியதே இந்தத் தவறான குறிப்பு.