லொறி நிக்குது, ஃபைல் ஓடுது

மாரிப்போக நெல் வெட்டு தொடங்கினால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரையில் லொறிக்காரனுக்குத் தூக்கம் கிடையாது. வெட்டு மெசின் வயலில் இறங்கியதும் இரவு பகல் பாராமல் நெல் ஏற்ற வேண்டும். ஈர நெல் சாக்கில் கிடந்தால் முளை விட்டுவிடும். கொக்கட்டிச்சோலையில் ஏற்றி, மண்முனைப் பாலத்தால் கடந்து, கல்முனை வழியாகச் சம்மாந்துறை மில்லில் போய்க் கொட்டி, திரும்பி வந்து மறுபடி ஏற்ற வேண்டும். அந்த ஒரு மாத ஓட்டத்தில்தான் வருசத்து டயர்க் காசும் வட்டியும் கழியும்.

இந்த முறை நான் நன்றாகத் தூங்கினேன். லொறி முற்றத்தில் வேப்ப மரத்தடியில் நின்றது. அதற்குக் கீழே கோழி அடை படுத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது.

எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. இல்லாதது வருசா வருசம் வரி கட்டி எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுகிற ரெவனியூ லைசன்ஸ் என்ற ஒரு துண்டுக் கடதாசி. அதற்கு இன்சூரன்ஸ் வேண்டும், புகைச் சோதனைச் சான்றிதழ் வேண்டும், லொறி என்பதால் தகுதிச் சான்றிதழும் வேண்டும். சரி, கேட்கட்டும். பிரேக் இல்லாத லொறி பள்ளிக்கூட வாசலால் போகக்கூடாது என்று நானும்தான் சொல்லுவேன். புகைச் சோதனையில் ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப அடிமட்டத்துக்கு அமர்த்தியபோது எனக்கு நெஞ்சு பதறியது, ஆனால் லொறி பாஸ். கராஜில் பிரேக், ஸ்டியரிங், ஹோர்ன் எல்லாம் சரி. பக்கப் பலகையில் நிறை எழுதின பெயின்ட் மங்கிவிட்டதாம், எழுதிக்கொண்டு வா என்றார்கள். பெயின்டர் ஒரு கோயில் கும்பாபிஷேக வேலையில் நின்றார். ஐந்து நாள் போச்சு. அதையும் பொறுத்தேன்.

வினை லொறியின் பதிவுப் புத்தகத்தில் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு பழைய லொறிகளுக்கு வந்த விலை எல்லாருக்கும் தெரியும். அந்த நேரம் ஒரு கன்டர் லொறி கைக்கு எட்டின விலையில் கிடைத்ததே என்று ஓப்பன் பேப்பரில், அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமல் கையெழுத்து வைத்த போமை மட்டும் வாங்கிக்கொண்டு, எடுத்தேன். என் மடத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். புத்தகத்தில் முதல் உரிமையாளரின் பெயரும், லீசிங் கொடுத்த கம்பெனியின் பெயரும் அப்படியே கிடந்தன. கடன் எப்போதோ கட்டி முடிந்தது. பெயரை வெட்ட மட்டும் ஒருவரும் மினக்கெடவில்லை.

வாகனம் கைமாறினால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். இனியாவது ஒழுங்காக இருப்போம் என்று தண்டமும் கட்டி, என் பெயருக்கு மாற்ற எல்லாப் போமும் நிரப்பி, அசல் புத்தகத்தையும் ஒரு கந்தோரில் கொடுத்தேன். நேர்மையாக நடந்ததற்குக் கிடைத்த பரிசைக் கேளுங்கள். லைசன்ஸ் எடுக்கப் போனால், “புத்தகம் எங்க?” புத்தகம் கொடுத்த இடத்தில் போய்க் கேட்டால், “ஃபைல் மேல போயிருக்கு தம்பி, வந்தாப் பிறகு பார்ப்பம்.” புத்தகம் அங்கே கிடக்கிறது என்று ஒரு கடிதம் தாருங்கள் என்றேன். அப்படிக் கடிதம் கொடுக்கும் வழக்கம் இல்லையாம். 2014 வரை மண்முனையில் லொறியோடு பாதையில் ஏறித்தான் அக்கரை போனோம்; வாகனம் ஏற்றும் மிதவையை இங்கே பாதை என்போம். அந்த ஆற்றுக்கே பாலம் வந்துவிட்டது. இந்த இரண்டு கவுண்டருக்கும் நடுவில் இன்னும் ஒரு பாதைகூட இல்லை!

பிறகு கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. என் கடிதத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பேக்கரிக்காரத் தம்பி வாசித்துச் சொன்னார்: கடன் முடிந்தது என்று லீசிங் கம்பெனி கொடுத்த கடிதம் பழசு, புதுசு வேண்டுமாம். இரவு பஸ்ஸில் 300 கிலோமீற்றருக்கு மேல் போய், அந்தக் கம்பெனியில் ஒரு நாள் குந்தியிருந்து, ஒரு வரிக் கடிதத்தோடு திரும்பினேன். அதிலும் சேசி நம்பரில் ஒரு எழுத்துப் பிழை. மறுபடியும் பஸ்.

இதுக்குள்ளே மச்சான் ஒருத்தன் ஆறுதல் சொல்ல வந்தான்: “லொறிய விடு, மெசின் பெட்டியில ஏத்துவம்.” மெசின் என்றால் உழவு மெசின், பெட்டி என்றால் அதன் பின்னால் கொழுவி இழுக்கிற டிரெய்லர். அவனுடைய பெட்டி ஊரில் வெல்டிங் பட்டறையில் அடித்தது. எஞ்சின் இல்லை, ஸ்டியரிங் இல்லை, இரண்டு சில்லும் ஒரு கொழுக்கியும்தான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் பெட்டியும் மோட்டார் வாகனம். அதற்கும் தனி நம்பர், தனிப் புத்தகம், தனி லைசன்ஸ். வழியில் மறித்தால் மெசினின் பேப்பரைக் காட்டித் தப்ப முடியாது. வேண்டாம் ராசா, ஒரு புத்தகத்தோடு நான் படுகிற பாடு போதும் என்று அனுப்பிவிட்டேன்.

எனக்கு ஏறுகிற கோபம் இதுதான். நான் ஒரு நாள் பிந்தினால் தண்டம். அவர்கள் இரண்டு மாதம் பிந்தினால் “பார்ப்பம்”. என் 14 நாளை எண்ணுவதற்குச் சட்டம் இருக்கிறது. அவர்களுடைய நாளை யார் எண்ணுவது? ஒரு ஃபைல் இத்தனை நாளுக்குள் முடிய வேண்டும், முடியாவிட்டால் தற்காலிகக் கடிதத்தோடு லொறி ஓடலாம் என்று ஒரு வரி எழுத எவ்வளவு மை செலவாகும்?

கடைசியில் பங்குனி நடுவில் புத்தகம் வந்தது. வயலில் அப்போது ஒட்டு மட்டும்தான் நின்றது, மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் லைசன்ஸ் எடுத்தேன். பிந்தியதற்குத் தண்டம் வைத்தார்கள், கட்டினேன். வெளியே வந்து திகதியைப் பார்த்தேன். பழைய லைசன்ஸ் முடிந்த நாளிலிருந்தே கணக்குப் பிடித்திருக்கிறார்கள். கோழி அடை கிடந்த நாளுக்கும் நான்தான் வரி கட்டியிருக்கிறேன்.